பகலில் தூங்குகிறவர் வீட்டுக் கோடை

மாசி மகம் முடிந்து, கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்த சாமிகள் எல்லாம் ஊர் திரும்பியதும் எங்கள் தெருவில் கோடைக்கான வேலைகள் தொடங்கிவிடும். எதிர்வீட்டில் கூழ் கிண்டி மாடியில் வடாம் பிழிவார்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வரும். கடைத்தெருவில் குழாய் வைத்த மண்பானைகள் வந்து இறங்கும். முதலியார்பேட்டை முழுக்க ஒரு மாதத்துக்கு இதுதான் பேச்சு. என் வீட்டிலும் பானை வாங்குவோம், வடாம் பிழிவோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் நான் தயார் செய்ய வேண்டியது என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதத்துக்கான பகல் தூக்கத்தை.

அவர் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்கிறார். வாளி, மக்கு, மூடி என்று அச்சில் வார்க்கிற கம்பெனி. மேலே தகரக் கூரை, உள்ளே பிளாஸ்டிக்கை உருக்கும் மிஷின்கள் வரிசையாக. கோடையில் பகல் ஷிப்டுக்குப் போனால் அடுப்புக்குள் நின்று வேலை செய்த மாதிரிதான். அதனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஆட்கள் பங்குனி பிறக்கும் முன்பே சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்து, ஆனி வரைக்கும் தொடர்ந்து இரவு ஷிப்டு வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். மறுநாள் காலை ஏழரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். அங்கே வெயிலிலிருந்து தப்பித்துக்கொண்ட மனுஷன் இங்கே வந்து அதே வெயிலில் தூங்கியாக வேண்டும்.

எங்களுடையது மாடி வீடு. வாடகை வீடு. இரண்டு அறை. முன்னறையில் சமையலும் என் தையல் மிஷினும், பின்னறையில் கட்டில். தலைக்கு மேலே மொட்டை மாடி. பெண்ணை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். கீழே குடியிருப்பவர்தான் வீட்டுக்குச் சொந்தக்காரி. தெருவே அவரை மதாம் என்று கூப்பிடும். அவருடைய கணவர் சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. மதாம் தனியாக இருக்கிறார். குடி வந்த அன்றே, வயரிங் பழசு, ஏசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

இத்தனை வருஷமாக இந்தக் கோடைத் தூக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வருவார், சாப்பிடுவார், படுப்பார். புழுங்கும், புரளுவார், எழுந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மறுபடி படுப்பார். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று இருந்துவிட்டேன். போன வருஷம் வைகாசியில் ஒருநாள் அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். டிபன் கேரியருக்கு அடியில் ஒரு கையுறை சுருண்டு கிடந்தது. வலது கை. நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் நசுங்கித் தகடாகிக் கிடந்தன.

அவர் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு முன்னால் போய் நின்றேன். அவர் வெளியே வந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன.

"இது என்னா?"

"கையொறை."

"அது தெரியுது. என்னா ஆச்சு?"

"நின்னுக்கிட்டே கண்ணு சொருகிடுச்சு. அச்சு மூடுற நேரம் கை உள்ள இருந்துது. பக்கத்து மிஷின்காரன் பாத்துட்டு செவப்பு பட்டன அமுக்கிட்டான். நானும் கைய உருவிட்டேன். அவ்ளோதான்."

அவ்ளோதானாம்! வாளி அமுங்குகிற இடத்தில் கையை வைத்துவிட்டு வந்து அவ்ளோதான் என்கிறார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தெருவில் எல்லோருக்கும் தெரியும். அன்று மத்தியானம் ஆரம்பித்தவள் சாயங்காலம் அவர் பஸ் ஏறும் வரைக்கும் நிறுத்தவில்லை. வேலை போனால் போகட்டும், கம்பு ஊன்றிக்கொண்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகட்டும், எனக்கு அந்தக் கை முழுசாக வேண்டும் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "கைக்கு ஒண்ணும் ஆவலியே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கோடைக்கு இந்த மனுஷன் தூங்கியே ஆக வேண்டும் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

பகல் தூக்கத்துக்கு இரண்டு பகை. சூடு ஒன்று, சத்தம் ஒன்று. ஜன்னலைச் சாத்தினால் சூடு. திறந்தால் சத்தம். ஒன்றைத் தடுத்தால் மற்றது உள்ளே வந்துவிடும். இந்த வருஷம் இரண்டையும் ஒரே சமயத்தில் தடுப்பது என்று மாசி கடைசியிலேயே இறங்கினேன்.

முதலில் மொட்டை மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இரண்டு பேருமாக ஏறி, பாசியைச் சுரண்டி, கழுவி, சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து அடித்தோம். காய்ந்ததும் இன்னொரு முறை. மறுவாரம் மூன்றாவது முறை. சும்மா சொல்லக்கூடாது, அறைக்குள் சூடு நன்றாகவே குறைந்தது. ஆனால் நான்காம் நாள் எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"அக்கா, உங்க மாடி எங்க அடுப்பங்கரைக்கு லைட் அடிக்குது. கண்ணு கூசுது. உப்பு எது, சக்கர எதுன்னு தெரியல."

"கூசுனா ஸ்கிரீன் போட்டுக்க. நானே தைச்சுத் தரேன்."

"எந்தத் துணியில?"

"யூனிபார்ம் துணிதான் இருக்கு. வேணும்னா சொல்லு."

இன்றைக்கும் அவள் சமையலறை ஜன்னலில் பள்ளிக்கூடப் பேன்ட் துணி நீல நிறத்தில் தொங்குகிறது. அவளும் ஒன்றும் குறை சொல்லவில்லை.

அடுத்தது ஜன்னல். வெள்ளிக் காகிதம் ஒட்டின தெர்மாகோல் அட்டையை ஜன்னலுக்கு அளவாக வெட்டிச் செருகினால் வெயில் வெளியிலேயே திரும்பிவிடும் என்று பெண் போனில் வீடியோ அனுப்பியிருந்தாள். அப்படியே செய்தேன். இடுக்குகளில் வெட்டுத் துணியைத் திணித்தேன். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளிக்கும் ஒரு நீளத் துணிச் சுருள் தைத்து வைத்தேன். பின்னறை கும்மிருட்டாகிவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் கட்டில் எங்கே, ஆள் எங்கே என்று கையால் துழாவ வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்த ஃபேனையும் சரி செய்தாயிற்று. அது சுற்றுவதே தெரியாமல் சுற்றியது.

அப்புறம் சத்தம். காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கினேன். குக்கர் விசில் எல்லாம் அவர் வந்து சேருவதற்கு முன்பே அடித்து முடித்துவிடும். தெருவைத்தான் அடக்க வேண்டியிருந்தது. மீன்காரி ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே வந்து நின்றுதான் முதல் குரல் கொடுப்பாள். அவளிடம் போய்ச் சொன்னேன்.

"கத்தலன்னா மீனு எப்படிம்மா போவும்?"

"நீ எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. நானே எறங்கி வந்து வாங்குறேன்."

"அப்ப நீ தெனம் வாங்கணும்."

விடுவாளா! வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுக்கொடுத்தாள். மற்ற நாளெல்லாம் மத்தியும் சங்கராவுமாகத் தின்று தீர்த்தோம். வெங்காயம் விற்கிற டெம்போக்காரன் அப்படி மசியவில்லை. மைக்கில் பதிவு பண்ணின குரலைப் போட்டுவிட்டு அவன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டி முன்னால் போய் நின்று, இந்தத் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் மைக்கை அணைக்கிறாயா, இல்லை நான் அணைக்கட்டுமா என்று கேட்டேன். அணைத்தான். மேலே வந்து பார்த்தால் இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அவன் மைக்குல எனக்கு ஒண்ணும் ஆவல. நீ போட்ட சத்தத்துலதான் முழிச்சேன்," என்றார்.

அதுவும் நியாயம்தான். அந்தத் தெருவிலேயே பெரிய சத்தம் நான்தான். என் வாயைச் சொல்லவில்லை, என் மிஷினைச் சொல்கிறேன். கால் மிஷின், பழையது, கடகடவென்று ஓடும். மற்ற மாதங்களில் ஜாக்கெட்டும் நைட்டியுமாக மெதுவாகப் போகும் வேலை, சித்திரை வைகாசியில் நிற்க நேரமில்லாமல் போகும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அரைக்கால் சட்டை, பினபோர், முழுப் பேன்ட் என்று கட்டுக் கட்டாக வந்து குவியும். அவர் தூங்க வேண்டிய அதே மாதங்கள்தான் எனக்கு முழுநாளும் தைக்க வேண்டிய காலம். சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கம், இந்தப் பக்கம் மிஷின். அவர் ஒருநாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. அந்தக் கையுறையைப் பார்த்த பிறகு அது எனக்கு இன்னும் உறுத்தியது. என் மிஷின் சத்தத்தில்தான் அவர் தூக்கம் கெட்டிருக்கும், நான்தான் காரணம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கீழே போய் மதாமிடம் கேட்டேன்.

"மதாம், ரெண்டு மாசம் என் மிஷின உங்க முன் ஹால்ல போட்டுக்கலாமா?"

"போட்டுக்க. ஆனா ஒண்ணரை மணிக்குக் கதவ சாத்துவேன். நாலு மணிக்குத்தான் தெறப்பேன். நடுவுல ஒரு சத்தம் கேக்கக் கூடாது. நீயும் உள்ள இருக்கக் கூடாது."

மத்தியானத்தில் எங்கள் ஊரில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். வெளியூர்க்காரர்கள் வந்து பூட்டைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார்கள். மதாமோ அந்த வழக்கத்தில் ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காத ஆள். சரி என்று ஒப்புக்கொண்டேன். நானும் எதிர்வீட்டுக்காரியுமாக மிஷினைப் படிப்படியாக இறக்கிக் கீழே வைத்தோம். காலையில் அவர் படுத்ததும் இறங்கிப் போய்விடுவேன். ஒன்றரை மணிக்கு மதாம் கதவைச் சாத்தியதும், வெளிப்படிக்கட்டில் நிழல் விழும் பக்கமாக உட்கார்ந்து கையால் ஓரம் மடித்துத் தைப்பேன். மேலே போக மாட்டேன். கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்பேன்.

"தூங்குனீங்களா?"

"நல்லா தூங்குனேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மீன்காரியிடம் சொன்னேன். டெம்போக்காரனை நிறுத்திக்கூட, உன் புண்ணியத்தில் அவர் நன்றாகத் தூங்குகிறார் என்றேன். கண் சிவந்திருந்தது, பார்த்தேன். வெயில் சூடு என்று விளக்கெண்ணெய் தடவினேன். கொடுத்தனுப்பிய சோறு பாதி அப்படியே திரும்பி வந்தது. கோடையில் யாருக்குச் சோறு இறங்குகிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார், சிரித்தேன். நான் செய்து வைத்ததெல்லாம் பலித்துவிட்டது என்ற நினைப்பில் இருந்தவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் இரண்டு மணி. மதாம் கதவைச் சாத்திவிட்டார். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. நான் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பினபோருக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். மேலே எங்கள் கதவு படாரென்று திறந்தது. அவர் லுங்கியோடு இறங்கி ஓடி வந்தார். என் தோளில் அவர் முழங்கால் இடித்தது. என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தெருவுக்குப் போய்விட்டார்.

நானும் ஓடினேன். நடுத்தெருவில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அந்த வெயிலில் தார் ரோடு எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அது உறைக்கவில்லை. வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் நின்னுபோச்சு?" என்றார். "யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்க. வீட்டுக்கு வாங்க."

"யாரோ நிறுத்திட்டாங்க. யாருக்கோ அடிபட்டிருக்கு. யாருன்னு பாரு."

மூடியிருந்த ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மதாம், "யாரது இந்த நேரத்துல?" என்று ஒரு அதட்டல் போட்டார். அந்தக் குரல் கேட்டதும்தான் இவருக்குத் தெளிந்தது. என்னைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் சுட்டிருக்க வேண்டும், துள்ளிக்கொண்டு நிழலுக்கு வந்தார். நல்லவேளை, தெருவில் யாரும் பார்க்கவில்லை.

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், உட்கார வைத்து, பானைத் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினேன். இரண்டு பாதமும் சிவந்திருந்தன. அப்புறம்தான் கோபம் வந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"ஓடுனது இன்னிக்குத்தான்."

"தூங்காதது?"

அவர் குனிந்து பாதத்தைத் தடவிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"நீ மிஷின கீழ எறக்குன நாள்லேர்ந்து."

நான் ஊற்றிக்கொண்டிருந்த சொம்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் மெதுவாகச் சொன்னார். அதிகம் பேசுகிறவர் இல்லை, விட்டு விட்டுத்தான் வந்தது. கம்பெனியில் மிஷின்களின் சத்தம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாருக்காவது அடிபட்டால்தான் சிவப்பு பட்டனை அமுக்குவார்கள். அமுக்கினால் மொத்த வரிசையும் ஒரே சமயத்தில் நின்றுவிடும்.

"அப்ப ஒரு அமைதி வரும் பாரு. யாருக்கு, என்னா போச்சுன்னு தெரியாம அவனவன் தன் கையத் தொட்டுப் பாத்துப்பான். போன வருஷம் அந்த அமைதி எனக்கு வந்துது."

"அது கம்பெனில. இங்க வீட்டுலதான படுத்திருக்கீங்க."

"கண்ணு அசருது. கொஞ்ச நேரத்துல முழிப்பு வருது. முழிச்சா இருட்டு. ஒரு சத்தமும் இல்ல. எங்க இருக்கோம்னு தெரியல. நிறுத்திட்டாங்க, கை உள்ள இருக்குன்னுதான் முதல்ல தோணுது. அப்புறம் எங்க தூங்குறது? இருட்ட பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்."

"போன வருஷம் அந்தக் கையொறை நசுங்குனப்புறமும் ஒரு மாசம் நைட்டு பாத்தீங்களே. அப்ப எப்படித் தூங்குனீங்க?"

"அப்ப நீ பக்கத்து ரூம்ல தைச்சுக்கிட்டு இருந்தியே."

இதைச் சொல்லிவிட்டு அவர் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் என்ன செய்வேன்? தெருவை அடக்கி, மீன்காரியை அடக்கி, ஃபேனை அடக்கி, என் கொலுசைக் கழற்றி, மனுஷன் எதைக் கண்டு நடுங்குகிறாரோ அதையே ஒரு அறை முழுக்க நிறைத்து வைத்து, அதற்குள் அவரைப் படுக்க வைத்திருக்கிறேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நல்லா தூங்குனேன், நல்லா தூங்குனேன்னு தெனம் சொன்னீங்களே!"

"நீ இவ்ளோ பண்ணியிருக்க. தூங்கலன்னு எப்படிச் சொல்றது?"

அழுதுவிட்டேன். அவர் முன்னால் அழுது ரொம்ப நாள் ஆகியிருந்தது. தூங்காமல் போய் அந்த மிஷின் முன்னால் நின்றிருக்கிறார், ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல். எனக்காக நின்றிருக்கிறார். ஏதாவது ஆகியிருந்தால் எந்தச் சாமியிடம் போய் நான் முட்டிக்கொண்டிருப்பேன்? அன்று ராத்திரி அவரை வேலைக்கு விடவில்லை. நானே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, காலில் கொப்புளம், செருப்புப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை.

நாலு மணிக்கு மதாம் கதவு திறந்ததும் போய், மிஷினை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஏன்? நான் ஏதாவது சொன்னேனா?"

"இல்ல மதாம். அவருக்கு மிஷின் சத்தம் இல்லாம தூக்கம் வரல."

மதாம் முகத்தைச் சுளித்தார். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, "எடுத்துக்கிட்டுப் போ. எனக்குக் கேக்காம ஓட்டு," என்றார். இறக்கின மாதிரியே நானும் எதிர்வீட்டுக்காரியும் ஏற்றினோம். அவள் படிக்குப் படி, "உனக்குக் கிறுக்குதான்க்கா பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே தூக்கினாள். முன்னறையில் வைக்கவில்லை. பின்னறையில், கட்டிலுக்கு இரண்டடி தள்ளிப் போட்டேன். மிஷினுக்கு நேராக இருந்த ஒரு ஜன்னல் அட்டையை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய நூல் புடவை ஒன்றைக் கட்டினேன். கண்ணைத் திறந்தால் நான் தெரிய வேண்டும் அல்லவா. மற்ற அட்டைகள் இருக்கட்டும், வெள்ளை மாடியும் இருக்கட்டும், சூடு குறைந்ததென்னவோ உண்மை.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி வேலைக்குப் போய்வந்தார். காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் உட்கார்ந்து ஒரு பேன்ட்டுக்கு இடுப்புப் பட்டி வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் எனக்கே கூச்சமாக இருந்தது. தூங்குகிற மனுஷன் தலைமாட்டில் கடகடவென்று ஓட்டுகிறோமே என்று மெல்ல மிதித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "வேகமா ஓட்டு. வேல கெடக்குதில்ல," என்றார். வேகமாக ஓட்டினேன். மூன்றாவது பேன்ட்டை எடுக்கும்போது குறட்டை வந்தது. நான்கேகால் மணிக்குத்தான் எழுந்தார். எழுந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே பசிக்கிறது என்றார்.

வைகாசி அப்படியே போயிற்று. அவர் தூங்கினார், நான் தைத்தேன். அடிநூல் சுற்றின பாபினை மாற்றும்போதும் நூல் அறும்போதும்தான் சத்தம் நிற்கும். அப்போது அவர் இலேசாகப் புரளுவார், நான் அவசரமாக நூலைக் கோத்துக்கொண்டு மிதிப்பேன். நூல் கோப்பதில் எனக்கு இருந்த வேகம் அந்த மாதத்தில் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. டெம்போக்காரனிடம் இனி மைக் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பயத்தோடு பார்த்துவிட்டு, வேண்டாம்மா என்று போய்விட்டான்.

பள்ளிக்கூடம் திறந்தது. கடைசி பினபோரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெயில் மட்டும் போகிற வழியைக் காணோம். அவருக்கு இன்னும் மூன்று வாரம் இரவு ஷிப்டு பாக்கி. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால், என்னிடம் தைக்க ஒரு முழம் துணி இல்லை. அவர் படுத்ததும் மிஷினைத் துடைத்து மூடிவிட்டு, முன்னறையில் போய்க் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அவருடைய வலது கை கட்டிலின் மேல் வெட்டி வெட்டி இழுத்தது. விரல்கள் உள்ளுக்கு மடங்கிக்கொண்டிருந்தன.

கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்து மூடியைத் தூக்கினேன். ஊசியில் இருந்த நூலை உருவினேன். துணி இல்லாமல் ஓட்டினால் அடியில் துணியை நகர்த்துகிற பல் தேயும் என்று, மேலே துணியை அழுத்துகிற இரும்புக் காலைத் தூக்கி விட்டுக்கொண்டு மிதித்தேன். ஊசி மேலும் கீழும் போய் வந்தது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டுக்காரி ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஊசியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"என்னாக்கா, நூலும் இல்ல, துணியும் இல்ல. என்னாத்தத் தைக்கிற?"

"அவரு தூங்குறாரு," என்றேன். காலை நிறுத்தவில்லை.

அவள் கட்டிலைப் பார்த்தாள். துணியைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் விட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஒரு மணிக்கு மேல் எனக்கு முட்டி வலிக்க ஆரம்பித்தது. காலை மாற்றிக்கொண்டு அவர் எழுந்திருக்கும் வரைக்கும் மிதித்தேன்.